எண்ணெய் ராஜ்யம் வேறு தொழில் தேடுகிறது

ரியாத் நகரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் இந்தியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 4,000 ரியால். மனைவியும் இரண்டு குழந்தைகளும் உடன் இருக்கிறார்கள். 2017 ஜூலையில் சவூதி சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. வெளிநாட்டு ஊழியர் தம்முடன் வைத்திருக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்காகவும் மாதம் 100 ரியால் கட்டணம் செலுத்த வேண்டும். மறு வருஷம் அது 200 ஆயிற்று. அதற்கடுத்த வருஷம் 300. 2020 ஜூலையில் 400. மூன்று பேருக்கு மாதம் 1,200 ரியால். இதை மாதாமாதம் கூட அல்ல, தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும் சமயத்தில் வருஷத்துக்கு மொத்தமாக 14,400 ரியாலாக முன்கூட்டியே கட்ட வேண்டியிருந்தது. நாலாயிரம் ரியால் சம்பளக்காரர் என்ன செய்வார்? மனைவி மக்களை ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டு, நாலு பேரோடு ஓர் அறையில் தங்கப் போவார். ஏராளமானவர்கள் அப்படித்தான் செய்தார்கள். மும்பையிலும் கேரளத்திலும் நம் ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலும் அந்த வருஷங்களில் பள்ளிக்கூடங்களில் நடுவருஷத்தில் சேர வந்த குழந்தைகள் எந்த நாட்டிலிருந்து வந்தார்கள் என்று விசாரித்தால் காரணம் விளங்கும்.

உலகில் எண்ணெய் இருப்பு மிகுந்த நாடுகளின் வரிசையில் வெனிசுலாவுக்கு அடுத்தபடி நிற்பது சவூதி அரேபியா. பூமிக்கடியில் 26,000 கோடி பீப்பாய்க்கு மேல் இருப்பதாகக் கணக்கு. அவ்வளவு செல்வமுள்ள ஒரு ராஜ்யம், அந்நிய தேசத்துக் குமாஸ்தாவின் குழந்தைத் தலைக்கு வரி போடும் நிலைக்கு ஏன் வந்தது? அந்தக் கேள்விக்கு விடை தேடினால், எண்ணெயை மட்டும் நம்பி வாழும் ஒரு நாடு மற்ற நாடுகளைப் போல் பல தொழில்களால் பிழைக்க முயலும்போது என்னென்ன சங்கடங்கள் வரும் என்பது முழுவதும் தெரிந்துவிடும்.

2014 ஜூனில் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் 100 டாலருக்கு மேல் விற்றது. 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போயிற்று. 2014-ல் சவூதி சர்க்காருக்கு வந்த ஒவ்வொரு 100 ரியால் வருமானத்திலும் 87 ரியால் எண்ணெயிலிருந்து வந்தது. அந்த 87 பாதியாகக் குறைந்தால் குடும்பம் என்ன ஆகும்? 2015-ம் வருஷ பட்ஜெட்டில் 36,700 கோடி ரியால் துண்டு விழுந்தது. இது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. இந்த நிலையில்தான் 2016 ஏப்ரல் 25-ம் தேதி, அப்போது துணைப் பட்டத்திளவரசராக இருந்த முகம்மது பின் சல்மான், ‘தொலைநோக்கு 2030’ என்ற திட்டத்தை அறிவித்தார். எண்ணெய் அல்லாத சர்க்கார் வருமானம் அப்போது 16,300 கோடி ரியால். அதை ஒரு லட்சம் கோடி ரியாலாக்குவது ஒரு குறிக்கோள். வெளிநாட்டு முதலீடு, சுற்றுலா, சுரங்கம், கப்பல் போக்குவரத்து, ராணுவத் தளவாட உற்பத்தி என்று மற்றக் குறிக்கோள்கள் நீண்டுகொண்டே போயின. 2020-லேயே எண்ணெய் இல்லாமல் எங்களால் வாழ முடியும் என்றுகூட அவர் அப்போது ஒரு பேட்டியில் சொன்னார். 2020 வந்தது, அந்த வருஷம் எண்ணெய் விலை விழுந்தபோது ராஜ்யத்தின் பட்ஜெட்டும் கூடவே விழுந்தது.

ஐம்பது வருஷத்துப் பேச்சு

எண்ணெயை விட்டு வேறு தொழிலுக்குப் போக வேண்டும் என்பது ஏதோ புதிதாகப் பிறந்த ஞானம் அல்ல. சவூதியின் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது 1970-ல். அந்தத் திட்டத்திலேயே இந்தக் குறிக்கோள் இருக்கிறது. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு திட்டத்திலும் இருக்கிறது. விலை சரியும்போது பேச்சு உரத்துக் கேட்கும். விலை ஏறியதும் அடங்கிவிடும்.

1973-74ல் விலை நாலு மடங்காயிற்று. கையில் பணம் புரண்டது. அதில் ஒரு பகுதியை உருப்படியாகச் செலவிட்டார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். எண்ணெய்க் கிணறுகளோடு சேர்ந்து வரும் வாயுவை அதுவரை வெறுமனே கொளுத்திவிட்டுக் கொண்டிருந்தார்கள். அதைக் குழாய்களில் சேகரித்து, கிழக்குக் கடற்கரையில் ஜுபைல், மேற்கில் செங்கடலோரம் யான்பு ஆகிய இரண்டு இடங்களில் தொழில் நகரங்களை எழுப்பினார்கள். 1975-ல் இதற்கென்று தனி அரச கமிஷன் அமைந்தது. 1976-ல் ‘சாபிக்’ என்ற கம்பெனி பிறந்தது. பிளாஸ்டிக் மூலப்பொருள், உரம் முதலியவற்றில் அது உலகின் பெரிய கம்பெனிகளில் ஒன்றாக வளர்ந்தது. மெச்ச வேண்டிய காரியம்தான். ஆனால் அது எண்ணெய்க்கு மாற்று அல்ல, எண்ணெயின் தம்பி. வாயு மலிவாகக் கிடைப்பதுதான் அதன் பலம். எண்ணெய் விலை விழுந்தால் பிளாஸ்டிக் விலையும் விழுகிறது. 2020-ல் அந்த சாபிக்கின் நூற்றுக்கு எழுபது பங்கை 6,910 கோடி டாலருக்கு எண்ணெய்க் கம்பெனியான அராம்கோவே வாங்கிக்கொண்டது. விற்றது யார்? சர்க்காரின் பொது முதலீட்டு நிதி. இடது பையிலிருந்து வலது பைக்குப் போன பணம் இது.

கோதுமைக் கதை இதைவிட ருசிகரமானது. சற்று விவரமாகவே சொல்ல வேண்டும். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை ஆயுதமாகப் பயன்படுத்தின. உடனே அவர்களுக்கே ஒரு பயம் வந்தது: நாளைக்கு மேல்நாட்டார் தானியத்தை ஆயுதமாக்கினால்? பாலைவனத்தில் கோதுமை விளைவிப்பது என்று முடிவாயிற்று. விவசாயிக்கு நிலம் இனாம், இயந்திரத்துக்கு மானியம், கடனுக்கு வட்டியில்லை. விளைந்த கோதுமையை சர்க்கார் டன்னுக்கு 3,500 ரியால் கொடுத்து வாங்கியது. அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 1,000 டாலர். உலகச் சந்தையில் விற்ற விலையைப் போல் இது பல மடங்கு. இந்த விலை கொடுத்தால் யார்தான் பயிரிட மாட்டார்கள்? ஆழ்துளைக் கிணற்றைச் சுற்றிச் சுழலும் நீண்ட குழாய்கள் தண்ணீர் தெளிக்க, விமானத்திலிருந்து பார்த்தால் மணலில் பச்சை நாணயங்களை வரிசையாகப் பரப்பி வைத்தாற்போல் வட்ட வட்டமாக வயல்கள் தோன்றின. 1980-களின் நடுவில் நாடு கோதுமையில் தன்னிறைவு பெற்றது. 1990-களின் தொடக்கத்தில் விளைச்சல் 40 லட்சம் டன்னை எட்டியது. ஆறே இல்லாத நாடு கோதுமை ஏற்றுமதி செய்தது.

ஆனால் ஒரு கிலோ கோதுமைக்கு ஆயிரம் லிட்டருக்குக் குறையாத தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் மழையால் ஊறிய தண்ணீர் அல்ல. பல்லாயிரம் வருஷங்களுக்கு முன் அந்தப் பூமி ஈரமாக இருந்த காலத்தில் பாறைக்கடியில் தேங்கியது. எடுத்தால் திரும்பி வராதது. எண்ணெயை விற்று வந்த பணத்தைக் கொண்டு, எண்ணெயைவிட அருமையான தண்ணீரை வெளியே எடுத்து, உலக விலைக்குக் கோதுமையாக விற்றார்கள்! எண்ணெயாவது பல பத்து வருஷங்களுக்கு வரக்கூடும். தண்ணீர் ஒரு தலைமுறையிலேயே கிணறுகளில் ஆழம் ஆழமாகக் கீழே போயிற்று. 2008-ல் சர்க்கார் விழித்துக்கொண்டது. கொள்முதலை வருஷத்துக்கு எட்டில் ஒரு பங்கு வீதம் குறைத்து, 2016-ல் நிறுத்தியது. பின்னர் சிறு அளவில் மீண்டும் அனுமதித்தது வேறு விஷயம். கோதுமையை விட்ட விவசாயிகள் சும்மா இருந்தார்களா? மாட்டுத் தீவனமான குதிரைமசால் பயிரிட்டார்கள். அது கோதுமையைவிட அதிகத் தண்ணீர் குடிக்கும்! அதையும் தடுக்க வேண்டியதாயிற்று. பெரிய பால் பண்ணைக் கம்பெனி ஒன்று 2014-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் நிலம் வாங்கித் தீவனம் விளைவித்துக் கப்பலில் கொண்டுவரத் தொடங்கியது. அரிசோனாவும் பாலைவனம்தான். அங்குள்ளவர்கள் எங்கள் தண்ணீர் போகிறதே என்று கூச்சலிட, 2023-ல் அந்த மாநில கவர்னர் அந்தக் கம்பெனிக்கு விடப்பட்டிருந்த சர்க்கார் நிலத்துக் குத்தகைகளில் கை வைத்தார்.

விலையைச் சர்க்கார் நிர்ணயித்து, நஷ்டத்தைக் கஜானா ஏற்றுக்கொண்டால் எந்தத் தொழிலும் ‘வெற்றி’ பெறும். கஜானா மூடினால் அன்றே சாகும். அதைப் பல தொழில் பொருளாதாரம் என்று சொல்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது.

எண்ணெய் ஏன் மற்றத் தொழில்களை வளரவிடுவதில்லை?

இதற்கு ஒரு பெயரே உண்டு: ‘டச்சு வியாதி’. 1959-ல் ஹாலந்து நாட்டில் குரோனிங்கன் பகுதியில் ஏராளமான வாயு அகப்பட்டது. வாயுவை விற்று அந்நியச் செலாவணி குவிந்தது, அந்த நாட்டு நாணயத்தின் மதிப்பு ஏறியது, அதனால் அங்கே செய்யும் மற்றச் சாமான்கள் அந்நியருக்கு விலை கூடித் தோன்றின, தொழிற்சாலைகள் நொடித்தன. லண்டனிலிருந்து வரும் ‘எகனாமிஸ்ட்’ பத்திரிகை 1977-ல் இந்த வியாதிக்கு நாமகரணம் செய்தது.

சவூதியில் இந்த வியாதி தனி ரூபம் எடுத்தது. 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்று விகிதம் கட்டப்பட்டிருக்கிறது. எண்ணெய்க்கு அது பொருத்தம். ஏனென்றால் எண்ணெய் டாலரில் விற்கிறது. ஆனால் ஜெட்டாவில் ஒருவர் சட்டை தைத்து ஏற்றுமதி செய்ய நினைத்தால், சவூதிக்காரருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் வங்காள தேசத்துடனும் வியட்நாமுடனும் அவர் போட்டி போட முடியாது. சவூதிக்காரரும் தையல் வேலைக்கு வரமாட்டார். ஏன் வரவேண்டும்? 2015 வாக்கில் வேலையிலிருந்த சவூதிப் பிரஜைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். அங்கே சம்பளம் அதிகம், வேலை நேரம் குறைவு, வேலை போகாது. தனியார் துறையில் கடுமையான வேலைகளுக்கெல்லாம் நம்மவர், பாகிஸ்தானியர், எகிப்தியர், பிலிப்பினோக்கள். 2022 ஜனத்தொகைக் கணக்குப்படி நாட்டிலுள்ள 3 கோடியே 22 லட்சம் பேரில் 1 கோடியே 34 லட்சம் பேர் வெளிநாட்டார். முதலாளிக்கு மலிவான, வேலையை விட்டு ஓட முடியாத அந்நியத் தொழிலாளி கிடைக்கும்போது அவர் நவீன இயந்திரம் வாங்கமாட்டார். சொந்த நாட்டு இளைஞனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கவும் மாட்டார். அவருக்கு லாபமான தொழில் எதுவென்றால் சர்க்கார் கான்டிராக்ட் எடுப்பது, இறக்குமதி ஏஜன்சி வாங்குவது, தம் பெயரில் லைசென்ஸ் எடுத்து அந்நியரைக் கடை நடத்த விட்டு மாதா மாதம் பங்கு வாங்குவது. இதெல்லாம் வியாபாரம்தான், ஆனால் எண்ணெய்ப் பணம் நின்றால் இதுவும் நின்றுவிடும்.

2011-ல் ‘நிதாகத்’ என்ற திட்டம் வந்தது. கம்பெனிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் பிரித்து, இத்தனை பேருக்கு இத்தனை சவூதிக்காரர் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். பல முதலாளிகள் செய்த காரியம்: வீட்டில் இருக்கும் சவூதிக்காரர் பெயரைச் சம்பளப் பட்டியலில் எழுதி, ஒரு சிறு தொகையைக் கொடுத்துவிடுவது. வேலையை வழக்கம்போல் நம்மவரே பார்ப்பது.

இந்தோனேஷியா எப்படித் தப்பியது?

இதிலிருந்து மீண்ட நாடே கிடையாதா? துபாயை உடனே சொல்வார்கள். துபாயில் எண்ணெய் சொற்பம். 1991-லேயே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிட்டது. துறைமுகமும் வியாபாரமும் அதற்கு முன்பே அதன் பிழைப்பு. ஜெபல் அலி துறைமுகத்தை 1979-ல் திறந்து, 1985-ல் அங்கே சுங்கமில்லாத் தொழில் வட்டாரம் அமைத்தார்கள். ஒரு சின்ன நகர ராஜ்யம் செய்ததைச் சவூதியின் பிரஜைகள் அத்தனை பேருக்கும் செய்ய முடியாது. உண்மையில் ஒப்பிட வேண்டிய நாடு இந்தோனேஷியா.

1980-களின் தொடக்கத்தில் இந்தோனேஷியாவின் ஏற்றுமதி வருமானத்தில் நூற்றுக்குச் சுமார் எண்பது எண்ணெயும் வாயுவும்தான். 1990-களின் நடுவில் அது நூற்றுக்கு இருபத்தைந்தாகக் குறைந்துவிட்டது. எண்ணெய் வற்றிப்போய் அல்ல, மற்றவை வளர்ந்ததால்: துணி, ஆயத்த ஆடை, செருப்பு, ஒட்டுப்பலகை. எப்படிச் செய்தார்கள்?

முதலாவதாக, பணம் வந்த 1970-களில் அதைக் கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். 1973 முதல் 1979 வரை 61,000 ஆரம்பப் பள்ளிகள் கட்டினார்கள். வாயுவைக் கொண்டு உரத் தொழிற்சாலை நடத்தி, உரத்தை மலிவாக நெல் விவசாயிக்குக் கொடுத்தார்கள். உலகிலேயே அதிகமாக அரிசி இறக்குமதி செய்துவந்த அந்த நாடு 1984-ல் தன்னிறைவு கண்டது. அங்கே மழை உண்டு என்பதையும் மறக்கக்கூடாது! அவர்களும் யோக்கியர்கள் என்று சொல்ல முடியாது. சர்க்கார் எண்ணெய்க் கம்பெனியான பெர்டமினா கண்டபடி கடன் வாங்கி 1975-ல் நாட்டையே திவாலின் விளிம்புக்குக் கொண்டுவந்தது. அந்த அடி அவர்களுக்கு ஒரு பாடமாயிற்று.

இரண்டாவதாக, நாணய மதிப்பைக் குறைக்கும் துணிவு. 1978-ல் டாலருக்கு 415 ரூப்பையாவாக இருந்ததை 625 ஆக்கினார்கள். 1983-ல் சுமார் 700-ஐ 970 ஆக்கினார்கள். 1986-ல் எண்ணெய் விலை 10 டாலரை ஒட்டி விழுந்த சமயம், 1,134-ஐ 1,644 ஆக்கினார்கள். ரப்பர் விவசாயிக்கும் துணி மில்காரருக்கும் ஒரே இரவில் வருமானம் கூடியது. இறக்குமதிச் சாமான் வாங்கும் நகரவாசிக்குக் கஷ்டம். யாருக்கு நன்மை, யாருக்குக் கஷ்டம் என்று பார்த்தால் இது சரியான தேர்வு.

மூன்றாவது விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. துறைமுகங்களில் சுங்க அதிகாரிகளின் லஞ்சம் ஏற்றுமதியைக் கொன்றுகொண்டிருந்தது. கமிட்டி போடவில்லை, உபதேசம் செய்யவில்லை. 1985-ல் சுங்கச் சோதனையை அப்படியே பிடுங்கி ஒரு சுவிட்சர்லாந்துக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு, அதிகாரிகளை வீட்டில் உட்காரச் சொன்னார்கள். சம்பளம் உண்டு, வேலை இல்லை! அதே வருஷம் மதிப்புக் கூட்டு வரியும் வந்தது. சுகார்த்தோ ஆட்சியில் ஜனநாயகம் இல்லை. அவருடைய மக்களும் நண்பர்களும் கொள்ளை அடித்தார்கள். 1997-ல் வங்கிகள் சரிந்து 1998-ல் அவர் பதவியை விட்டு ஓட வேண்டி வந்தது. ஆனால் துணி மில்களும் பள்ளிக்கூடங்களும் ஓடிப்போகவில்லை. 2004-க்குப் பிறகு இந்தோனேஷியா எண்ணெய் இறக்குமதி செய்யும் நாடாகவே ஆகிவிட்டது. ஆனாலும் நாடு மூழ்கவில்லை.

சவூதி இதே வழியில் போக முடியுமா? நாணய மதிப்பைக் குறைத்தால் மலிவாக விற்பதற்கு அவர்களிடம் வேறு சரக்கு வேண்டுமே. அரிசி முதல் கார் வரை இறக்குமதி செய்யும் நாட்டில் விலைவாசி ஏறுவதுதான் கண்ட பலன். ஆகவே நாணயத்தைத் தொடாமல், செலவைக் குறைத்தும் வரி போட்டும் சரிசெய்ய வேண்டும். இது கசப்பு மருந்து.

கசப்பு மருந்தும் சர்க்கரையும்

மருந்தைக் கொடுக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 2015 இறுதியில் லிட்டர் 60 காசுக்கு விற்ற பெட்ரோல் — நூறு ஹலாலா ஒரு ரியால். காசு என்று சொல்வது அதைத்தான் — 90 காசாயிற்று. 2018 ஜனவரியில் 2 ரியால் 4 காசு. அதே மாதம் நூற்றுக்கு ஐந்து மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2020 ஜூலையில் அது ஒரே தாவலாக நூற்றுக்குப் பதினைந்து ஆயிற்று. நிலைமை தெரிந்தவர்களுக்கு இது சாதாரண விஷயமல்ல. வரி கேட்காத சர்க்கார், கேள்வி கேட்காத பிரஜை என்பதுதான் அந்த ராஜ்யத்தில் பல வருஷங்களாக நிலவிய எழுதாத ஒப்பந்தம்.

மருந்து கொடுத்த கையே சர்க்கரையையும் கொடுத்தது. 2016 செப்டம்பரில் மந்திரிகளின் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கையும் சர்க்கார் ஊழியரின் படிகளையும் வெட்டினார்கள். 2017 ஏப்ரலில் படிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 2018 ஜனவரியில் பெட்ரோல் விலையையும் வரியையும் ஏற்றிய ஐந்தாறு நாளில், ஊழியருக்கு மாதம் 1,000 ரியால் விலைவாசிப் படி என்று அரச கட்டளை வந்தது. அந்தப் படி 2020-ல் நின்றது. சொந்தப் பிரஜையிடம் கை நீட்டத் தயங்கிய இடத்தில், திருப்பிக் கேட்க நாதியில்லாத அந்நியத் தொழிலாளியின் குடும்பத்திடம் தயங்காமல் கை நீட்டினார்கள். நமது ரியாத் கணக்கருடைய 14,400 ரியாலின் கதை இதுதான்.

மெய்யான மாறுதல் ஒன்று நடந்திருக்கிறது. அது பெண்கள் விஷயத்தில். 2017-ல் வேலைக்குப் போகும் வயதுள்ள சவூதிப் பெண்களில் நூற்றுக்குப் பதினேழு பேர்தான் வேலையில் இருந்தோ வேலை தேடியோ வந்தார்கள். சில வருஷங்களிலேயே அது இரட்டிப்பாகி முப்பத்தைந்தை ஒட்டி வந்துவிட்டது. 2030-க்கென்று வைத்த குறிக்கோள் முப்பதுதான்! 2018 ஜூன் 24 முதல் பெண்கள் கார் ஓட்டலாம். 2019 முதல் ஆண் பாதுகாவலர் சம்மதமின்றி வெளிநாடு போகலாம். சட்டம் மாறியது ஒரு காரணம். வரியும் விலைவாசியும் ஏறியதால் ஒரு சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாமற்போனது மற்றொரு காரணம் என்பது என் ஊகம். கார் ஓட்டும் உரிமைக்காக வருஷக்கணக்கில் போராடிய பெண்கள் சிலரை, தடை நீங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு கைது செய்தார்கள். உரிமை அரசர் கொடுத்ததாக இருக்க வேண்டும், ஜனங்கள் கேட்டுப் பெற்றதாக இருக்கக் கூடாது.

சந்தை எங்கே?

இப்போது எண்களைப் பார்ப்போம். 2024-ல் சவூதி சர்க்காரின் வருமானம் சுமார் 1,25,900 கோடி ரியால். அதில் எண்ணெய் 75,700 கோடி. மற்றவை 50,200 கோடி. 2014-ல் நூற்றுக்கு 87 ஆக இருந்த எண்ணெயின் பங்கு நூற்றுக்கு 60 ஆகியிருக்கிறது. நல்ல முன்னேற்றம் என்று சொல்லலாம், சொல்கிறார்கள். ஆனால் அந்த 50,200 கோடியில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது? கடையில் சாமான் வாங்கும்போது கட்டும் வரியிலிருந்து. சாமான் வாங்கும் பணம் எங்கிருந்து வருகிறது? சர்க்கார் சம்பளத்திலிருந்தும் சர்க்கார் கான்டிராக்டிலிருந்தும். அந்தச் சர்க்கார் பணம்? எண்ணெயிலிருந்து. கணக்குப் புத்தகத்தில் தலைப்பு மாறியிருக்கிறது. ஊற்று முழுக்க மாறிவிடவில்லை.

இதைவிட முக்கியமான கேள்வி: இந்தப் புதுத் தொழில்களை யார் நடத்துகிறார்கள்? 2015-ல் பொது முதலீட்டு நிதியை நிதி மந்திரியின் இலாகாவிலிருந்து எடுத்து, முகம்மது பின் சல்மான் தலைமை வகிக்கும் கவுன்சிலின் கீழ் வைத்தார்கள். அப்போது அதன் சொத்து 15,000 கோடி டாலர். 2024-ல் 90,000 கோடி டாலருக்கு மேல். அராம்கோவின் பங்குகளில் நூற்றுக்கு ஒன்றரையை 2019 டிசம்பரில் விற்று 2,560 கோடி டாலர் திரட்டியதும் இந்த நிதிக்குத்தான் போயிற்று. விமானக் கம்பெனி, கார் தொழிற்சாலை, கால்பந்துக் கிளப், ஹோட்டல், வீட்டு வசதி என்று எதில் பார்த்தாலும் நிதியே முதலாளி. ஒரு சாதாரண சவூதி வியாபாரி ஹோட்டல் கட்ட நினைத்தால் தெருவுக்கு எதிர்ப்புறத்தில் சர்க்கார் நிதியின் ஹோட்டல் நிற்கிறது. நஷ்டம் வந்தால் வியாபாரி போவார்; நிதி போகாது.

2017 நவம்பரில் இளவரசர்களையும் பெரிய வியாபாரிகளையும் ரியாத்தில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் அடைத்துவைத்து, ஊழல் பணம் என்று 10,000 கோடி டாலருக்கு மேல் மீட்டதாகச் சர்க்கார் அறிவித்தது. அவர்களில் ஊழல் செய்தவர் இருக்கலாம். ஆனால் கோர்ட்டில் பகிரங்க விசாரணை இல்லாமல் பேரம் பேசி முடித்த காரியத்தை உலக முதலீட்டாளர்கள் கவனிக்காமல் இருப்பார்களா? வருஷத்துக்கு 10,000 கோடி டாலர் அந்நிய முதலீடு என்பது 2030-க்கு வைத்த இலக்கு. 2023, 2024 வருஷங்களில் வந்தது அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. திவால் சட்டம், கம்பெனிச் சட்டம், ஒப்பந்தங்களுக்கான சிவில் சட்டம் என்று நல்ல சட்டங்கள் வரிசையாக வந்திருக்கின்றன. அவற்றைப் பாராட்டத்தான் வேண்டும். சட்டப் புத்தகத்தை அரசரின் கையும் மதிக்கிறது என்ற நம்பிக்கை வருவதற்கு இன்னும் நாளாகும்.

நியோம் பற்றிச் சொல்லாவிட்டால் வாசகர்கள் விடமாட்டார்கள். 2017-ல் 50,000 கோடி டாலர் திட்டமாக அறிவித்தார்கள். 2021-ல் அதற்குள் 170 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே நேர்கோட்டில் 10 லட்சம் பேர் வாழும் நகரம் என்றார்கள். 2024-ல் வந்த செய்திகளின்படி 2030-க்குள் கட்ட எண்ணியது 2.4 கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது. சில திட்டங்கள் 2030-க்கு அப்பால் தள்ளிப் போகும் என்று நிதி மந்திரி அல் ஜதான் 2023 டிசம்பரிலேயே ஒப்புக்கொண்டார். இதற்கும் பாலைவனக் கோதுமைக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. கோதுமையையாவது தின்ன முடிந்தது.

யாருக்கு என்ன ஆபத்து?

சவூதிப் பிரஜைகளில் நூற்றுக்கு 63 பேர் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்களின் தகப்பனாருக்குக் கிடைத்த சர்க்கார் உத்தியோகம் அவர்களுக்குக் கிடைக்காது. காபிக் கடையிலும் டாக்ஸியிலும் வரவேற்பு மேஜையிலும் சவூதி இளைஞர்களை இப்போது பார்க்க முடிகிறது. பத்து வருஷம் முன்பு இது நினைத்துப் பார்க்க முடியாதது. அந்த இளைஞர்களின் உழைப்பு வீண்போகக் கூடாது. எண்ணெய்ப் பணம் சுற்றும்வரை இந்த வேலைகள் இருக்கும். அதற்குப் பிறகும் இருக்குமா என்பதுதான் பரீட்சை.

நமக்கும் இதில் பங்கு உண்டு. அங்கே இருபது லட்சத்துக்கு மேல் இந்தியர் இருக்கிறார்கள். 2016-17ல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தில் சவூதியின் பங்கு நூற்றுக்கு 11.6 ஆக இருந்தது, 2023-24ல் 6.7 என்று ரிசர்வ் வங்கியின் ஆய்வு சொல்கிறது. அமெரிக்காவிலிருந்து வருவது நூற்றுக்கு 27.7. கம்ப்யூட்டர் படித்தவர் அனுப்பும் பணம் ஏற, கொத்தனாரும் டிரைவரும் அனுப்பும் பணத்தின் பங்கு இறங்குகிறது. பணம் வந்து சேரும் ஜில்லாக்களும் குடும்பங்களும் வேறு வேறு என்பதை அகில இந்தியக் கணக்கு காட்டாது.

2025-ல் எண்ணெய் விலை பெரும்பாலும் 70 டாலரை ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தது. சவூதி பட்ஜெட்டில் துண்டு விழாமலிருக்க 90 டாலருக்கு மேல் வேண்டும் என்று சர்வதேச நிதி நிறுவனம் முந்திய வருஷம் மதிப்பிட்டிருந்தது. 10,100 கோடி ரியால் பற்றாக்குறை என்று போட்ட 2025 பட்ஜெட் கணக்கை, வருஷம் முடிவதற்குள்ளேயே 24,500 கோடி என்று திருத்த வேண்டியதாயிற்று. 2024-ல் 12,400 கோடி டாலர் லாபப் பங்கு கொடுத்த அராம்கோ, 2025-க்குச் சுமார் 8,500 கோடி என்றது. கடன் வாங்க இடமில்லாமல் போகவில்லை; 2024 இறுதியில் கடன் நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு முப்பதுதான். ஆனால் 2014-ல் அது இரண்டுகூட இல்லை.

2025 டிசம்பரில் மந்திரி சபை ஒரு முடிவு செய்தது. தொழிற்சாலைகளில் வேலை செய்யும் அந்நியத் தொழிலாளிக்காக முதலாளி கட்ட வேண்டிய மாதக் கட்டணம் ரத்து. அந்தக் கட்டணத்தைப் போட்டால் தொழிற்சாலை உலகப் போட்டியில் நிற்காது என்பதை உணர்ந்து, 2019 முதலே தொழிற்சாலைகளின் சார்பில் சர்க்காரே அதைக் கட்டி வந்தது. தொழிலாளியின் தலைக்குப் போட்ட கட்டணம் வேறு; அவன் குடும்பத்தின் தலைக்குப் போட்ட கட்டணம் வேறு. இந்த முடிவு முதலாவதைப் பற்றியது.